பறம்பில் உடைந்த குளம்

போர்க்கவிதை என்றதும் நம் ஆட்களுக்கு முரசும் யானையும் அறுபட்ட தலையும்தான் கண்முன் வரும். பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகம் அப்படிப் பழக்கிவிட்டது. நான் திரும்பத் திரும்பப் படிக்கிற போர்க்கவிதையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. மொத்தமே ஐந்து அடி. கபிலர் பாடிய புறநானூறு 118:

அறையும் பொறையும் மணந்த தலைய
எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரைத்
தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ
கூர்வேல் குவைஇய மொய்ம்பின்
தேர்வண் பாரி தண்பறம்பு நாடே.

பாறையும் சிறுகுன்றும் கூடுகிற இடத்தில் ஒரு சின்னக் குளம். எட்டாம் நாள் நிலா மாதிரி வளைந்த கரை, தெளிந்த தண்ணீர். அந்தக் குளம் உடைகிறது. இது பாரியின் நாடு. அவ்வளவுதான், பாட்டு முடிந்தது. பாரி செத்தான் என்றோ, மூவேந்தர் முற்றுகை போட்டார்கள் என்றோ, கடைசியில் யார் ஜெயித்தார் என்றோ இதில் ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பறம்பு எங்கள் பிரான்மலைதான் என்று இங்கே எல்லோரும் உரிமையோடு சொல்லிக்கொள்வோம். செட்டிநாட்டுக்கு எல்லை சொல்லும் பெரியவர்கள் கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை என்பார்கள். திருப்பத்தூர் தாண்டிச் சிங்கம்புணரிப் பக்கம் போனால் மலை கண்ணில் படும். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், மலைமேல் தர்கா. போகிறவர்கள் சாமி கும்பிடப் போகிறார்கள். பாரிக்காகப் போகிறவர்கள் குறைவு.

கண்மாய்க்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஐந்து அடிக்கு உரை தேவைப்படாது. இந்தச் சீமையில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைத் தேக்கித்தான் பிழைப்பு: குடிக்க ஊருணி, வயலுக்குக் கண்மாய். கண்மாய்க் கரை என்பது வெறும் மண். அதில் நண்டு வளை போடும், எலி பறிக்கும், ஆடு மாடு ஏறி இறங்கிச் சரித்துவிடும், கருவேலம் வேர்விட்டுப் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் ராத்திரியெல்லாம் யாராவது கரைமேல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மடையைத் திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். டார்ச் லைட் பிடிக்க என்னையும் சில நாள் கூட்டிப்போவார். கரையின் வெளிச்சரிவில் எங்காவது ஈரம் கசிந்தால் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்ப்பார். “தெளிவா வந்தா பயமில்லை தம்பி. கலங்கி வந்துச்சுன்னா கரை உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.” கலங்கி வந்தால் ஊரைக் கூப்பிட்டுவிடுவார். வைக்கோலும் மணல் மூட்டையுமாக விடியும்வரை ஊர் கரையில் நிற்கும்.

ஆக, ஒரு குளம் உடைகிறது என்றால் அன்றைக்கு ராத்திரி கரையில் நடக்க ஆள் இல்லை என்று பொருள். நடக்க வேண்டியவன் செத்திருப்பான், இல்லையென்றால் ஊரைவிட்டு ஓடியிருப்பான். பறம்பின் குளத்தில் எந்தப் படையும் கை வைத்ததாகக் கபிலர் சொல்லவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டவனைப் போர் எடுத்துக்கொண்டது, மிச்ச வேலையை மழை செய்தது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். போர் இயற்கையை என்ன செய்கிறது, மனிதனை என்ன செய்கிறது என்று இரண்டு தலைப்பு போட்டு எழுதுகிற கட்டுரைகளில் எனக்கு மனசு ஒட்டாததற்கு இந்தப் பாட்டுதான் காரணம். இதில் அந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

முற்றுகைக்கு முன்னால் அந்த மலை எப்படி இருந்தது என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 109ஆம் பாட்டு. மூன்று வேந்தரும் சேர்ந்து வளைத்தாலும் கவலையில்லை, உழவர் உழாமலே நாலு விளைச்சல் இங்கே உண்டு என்று மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்று எண்ணிக் காட்டுகிறார். கோட்டைக்குள் சாமான் கணக்குப் பார்க்கிற ஆளின் பேச்சு அது. மரத்துக்கு மரம் யானையைக் கட்டினாலும் பறம்பைப் பிடிக்க முடியாது. ஆடிப் பாடிக்கொண்டு போய்க் கேளுங்கள், நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று கிண்டலும் செய்கிறார்.

அப்புறம் எல்லாம் முடிந்துபோகிறது. பாரியின் பெண்கள் பாடிய ‘அற்றைத் திங்கள்’ எல்லோருக்கும் தெரிந்தது, அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு நாலு பாட்டு தள்ளி வருகிற 116 எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிகிறது. அந்தப் பெண்கள் இப்போது ஏதோ ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். வழியெல்லாம் புல் மூடிக் கிடக்கிறது. முள்வேலி, பஞ்சு பரந்த முற்றம், பக்கத்தில் பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கின்றன. அங்கே ஈச்ச இலை கிடக்கிற குப்பைமேட்டில் ஏறி நின்றுகொண்டு, ரோட்டில் போகிற உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். இதே பெண்கள் முன்னால் பறம்பின் உச்சியில் ஏறி நின்று, சண்டைக்கு வந்த வேந்தர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஏறி நிற்கிற இடம்தான் மலையிலிருந்து குப்பைமேடாகிவிட்டது. களத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்கிற எந்தப் பாட்டும் எனக்கு இந்த அளவுக்குத் தோல்வியைக் காட்டியதில்லை.

சீனக் கவிஞர் தூ ஃபூ கி.பி. 757இல், கலகக்காரர்கள் கையில் இருந்த தலைநகரில் மாட்டிக்கொண்டு எழுதிய கவிதையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாடு நொறுங்கிவிட்டது, மலையும் ஆறும் அப்படியே இருக்கின்றன, ஊருக்குள் வசந்தம் வந்து புல்லும் மரமும் அடர்ந்து கிடக்கின்றன என்று தொடங்குவார். நடமாட்டம் இருக்கிற தெருவில் புல் எப்படி அடரும்?

சரி, இதுவரைக்கும் தோற்றவர் பக்கம் நின்று பார்த்தோம். அதே புறநானூற்றில் ஜெயித்தவர் பக்கமும் இருக்கிறது. நாம் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறோம் என்பது என் குறை. 15ஆம் பாட்டில் நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்கிறார். எதற்குத் தெரியுமா? தேர் ஓடிக் குழி விழுந்த பகைவர் தெருவில் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதற்கு. பறவைகள் கத்துகிற விளைந்த வயலில் குதிரைக் குளம்பு படத் தேர் ஓட்டியதற்கு. காவல் வைத்த குளத்தில் யானையை இறக்கியதற்கு. அடுத்த பாட்டில் பாண்டரங்கண்ணனார் சோழன் பெருநற்கிள்ளியைப் பாடுகிறார்: “விளைவயல் கவர்பூட்டி, மனைமரம் விறகாக.” விளைந்த வயலைக் கொள்ளை கொடுத்து, வீட்டு மரத்தை விறகாக்கி, கடைசியில் ஊருக்கு வைத்த தீ மாலைச் சூரியனின் செக்கர் போலத் தெரிந்தது என்கிறார். உவமை அழகாக இருக்கிறது. அதுதான் சங்கடம். உள்ளே இருந்தவர்களுக்கு அது செக்கராகத் தெரிந்திருக்க வழியில்லை.

‘மனைமரம்’ என்று வருகிற இடத்தில் செட்டிநாட்டுக்காரன் கொஞ்சம் நிற்பான். எங்கள் வீட்டு வளவில் இருக்கிற தூண் ஒவ்வொன்றும் பர்மாத் தேக்கு. கப்பலில் வந்து, மாட்டு வண்டியில் ஏறி, ஆசாரி கையில் வழவழப்பாகி நிற்கிற மரம். அதை விறகாகப் பார்க்கிற கண் எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த 16ஆம் பாட்டை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். எரிப்பதற்கு முன்னால் அந்த நாட்டில் என்னென்ன இருந்தன என்று புலவர் பட்டியலே போடுகிறார். வள்ளைக்கொடி, பூத்த ஆம்பல், பகன்றை, பழுத்த பாகல், கரும்பைத் தவிர வேறு காடு அறியாத வயல். இத்தனையும் பாழாக, காவலாக இருந்த நல்ல நாட்டுக்கு நெருப்பு ஊட்டினாய் என்று ராஜாவிடம் சொல்கிறார். என்ன எரிகிறது என்று தெரியாமல் பாடவில்லை. பெயர் பெயராகத் தெரிந்துதான் பாடியிருக்கிறார். இதைப் புகழ்ச்சி என்பார்கள் உரைகாரர்கள். எனக்கு அதில் பாதி சாட்சி சொல்வதாகக் கேட்கிறது. ஆனால் இப்படி எல்லாப் புலவருக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

வக்காலத்தே தேவைப்படாத ஒருவர் உண்டு. காரிக்கண்ணனார், 57ஆம் பாட்டு. பாண்டியன் நன்மாறனிடம் பேசுகிறார். கதிர் சாய்ந்த வயலை உன் வீரர்கள் கொள்ளையடித்தால் அடிக்கட்டும். பேரூரைத் தீ தின்றால் தின்னட்டும். உன் வேல் பகைவரைக் கொன்றால் கொல்லட்டும். “என்னதூஉம் கடிமரம் தடிதல் ஓம்பு.” எது செய்தாலும் பகை ராஜா காத்து வளர்க்கிற காவல்மரத்தை மட்டும் வெட்டிவிடாதே. காரணம் என்ன சொல்கிறார் என்றால், உன் பெரிய யானைகளைக் கட்ட அந்த மரங்கள் தாங்காது. எப்படி இருக்கிறது பாருங்கள்! மரம் பாவம் என்று சொன்னால் அந்த ராஜா கேட்க மாட்டான், படையெடுத்து வந்தவனிடம் தர்மமும் எடுபடாது. யானைக்கு உதவாத மரத்தை வெட்டி என்ன செய்யப்போகிறாய் என்று கணக்குப் பேசுகிறார். மனிதர்களைக் காப்பாற்ற முடியாது என்று முடிவு கட்டிவிட்டு, மரத்தையாவது காப்பாற்றப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் பேசுகிற சாமர்த்தியம் இது.

இதற்கு நேர் எதிராக, வெட்டுகிற சத்தத்தையே வைத்துப் பேசியவர் ஆலத்தூர் கிழார். 36ஆம் பாட்டு. சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகை போட்டிருக்கிறான். ஆன்பொருநைக் கரையில், சோலைக்குச் சோலை காவல்மரத்தில் கோடரி விழுகிறது. பூ மணக்கிற கிளைகள் அலைபாய, அந்த ஓசை மதிலுக்குள் அரண்மனைவரை கேட்கிறது. உள்ளே இருக்கிற ராஜா வெளியே வரவில்லை. இப்படிப்பட்டவனோடு முரசு கொட்டிப் போர் செய்தாய் என்பது வெட்கக்கேடு என்கிறார் புலவர். திட்டு கிள்ளிவளவனுக்கா, உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கா? இரண்டு பேருக்கும் தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மரம் வெட்டுகிற சத்தம் எங்கள் சீமையிலும் கேட்டிருக்கிறது, அதுவும் 1801இல். மருது சகோதரர்களின் காளையார்கோயிலைச் சுற்றி அன்றைக்கு அடர்ந்த காடு. அதுதான் கோட்டைக்குக் கோட்டை. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற சிறுவயலை, கும்பினிப் படை கையில் கிடைக்கக்கூடாது என்று மருதுவின் ஆட்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்கு வழி போட ஆகஸ்ட் மாதம் முழுக்கக் காட்டை வெட்டினார்கள் வெள்ளைக்காரர்கள். வெட்ட வெட்டச் சண்டை. கடைசியில் அந்த வழியையே பாதியில் கைவிட்டு, வேறு பாதையில் வந்து அக்டோபர் 1ஆம் தேதி கோயிலைப் பிடித்தார்கள். அதே மாதம் 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கு. மருதுவைப் பற்றிக் கும்மியும் அம்மானையும் உண்டு. அந்தக் காட்டுக்கென்று தனியாக யாராவது ஒரு பாட்டு எழுதியிருக்கலாம். வீணாய் வெட்டிப் போட்ட மரங்கள் அவை, யானை கட்டக்கூட யாருக்கும் உதவவில்லை.

பர்மா கதைக்கு வருகிறேன். செட்டிநாட்டில் போர் என்றால் எங்களுக்கு இரண்டாம் உலகப் போர்தான், அதிலும் ரங்கூன் குண்டுதான். 1941 டிசம்பர் 23. அப்பத்தாவின் தம்பி அப்போது ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு சின்ன ஊரில், எங்களவர் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன். நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். கிட்டங்கியைப் பூட்டிவிட்டு மேலாளோடு கிளம்பி, அசாம் வழியாக நடந்து வந்து சேர்ந்தவர். வழியில் செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டே வேறு ஒன்றைச் சொல்வார். “அறுப்பு நேரம்டா. கதிர் சாஞ்சு நிக்குது, அறுக்க ஒரு ஆள் கிடையாது. குருவி தின்னு தீரலை. எருமையெல்லாம் அவுத்துவிட்டபடி வயலுக்குள்ள நிக்குது, ஓட்ட ஆள் இல்லை.” காரிக்கண்ணனாரின் ‘இறங்குகதிர் கழனி’யை வகுப்பில் படித்தபோது எனக்கு ஐயாவின் குரல்தான் கேட்டது.

அந்த நெல் அறுபடாமல் போனதன் விலை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் பர்மா அரிசி கப்பலேறுவது நின்றது. அடுத்த வருஷம் வங்காளத்தில் வந்த பஞ்சத்துக்குச் சொல்லப்படுகிற காரணங்களில் அதுவும் ஒன்று. வயல் ஒரு நாட்டில், பட்டினி இன்னொரு நாட்டில்.

இதில் ஒரு உறுத்தல் எனக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வயல்கள் யாருடையவை? 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனதில், பத்து வருஷத்துக்குள் அது சுமார் 25 சதவீதம் ஆகிவிட்டது. எங்களவர்கள் ஆசைப்பட்டு வாங்கியதில்லை, ஈடு மூழ்கி வந்தது என்பார்கள் வீட்டில். இருக்கலாம். ஆனால் அந்த நிலத்தை இழந்த பர்மாக்காரனும் ஏதோ ஒரு மேட்டில் ஏறி நின்று, அந்தப் பக்கம் போகிற வண்டிகளைப் பார்த்திருப்பானே. அப்பத்தா தன் தம்பி இறந்தபோது பாடிய ஒப்பாரியில் பர்மா நெல்லும் தேக்கும் வந்தன. பர்மாக்காரன் வரவில்லை. அப்பத்தாவைக் குறை சொல்லவில்லை. துக்கம் தன் வீட்டு வாசலோடுதான் நிற்கும். கவிதையும் பெரும்பாலும் அப்படித்தான்.

வாசலைத் தாண்டாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காட்டியவர்கள் ஒக்கூர்க்காரர்கள். சிவகங்கை போகிற வழியில் இருக்கிற இந்த ஒக்கூர்தான் அது என்று இங்கே சொல்வோம். மாசாத்தியாரின் 279ஆம் பாட்டை ‘வீரத்தாய்’ என்று மேடையில் முழங்குவார்கள். யானையைக் கொன்று தன் வீட்டு ஆண் செத்தான், நேற்று புருஷன் செத்தான், இன்றைக்கு இருக்கிற ஒரே பையனையும் அனுப்புகிறாள். மேடைக்காரர்கள் விட்டுவிடுகிற ஒரு அடி உண்டு. அவள் அந்தப் பையனுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, பரட்டையாகக் கிடக்கிற குடுமியில் எண்ணெய் தடவிச் சீவுகிறாள். அந்த வயசு, அந்தத் தலைமுடி. ‘கெடுக சிந்தை’ என்று பாட்டு தொடங்குவதை வெறும் வியப்பாக மட்டும் படிக்க என்னால் முடியவில்லை.

அதே ஊர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டில் ஆம்பல் வருகிறது. பாண்டரங்கண்ணனார் எரித்த பட்டியலில் இருந்த அதே ஆம்பல். சின்ன வெள்ளை ஆம்பலே, நான் இளையவளாக இருந்தபோது தழையாடை ஆனாய். புருஷன் போனபிறகு, வேளை தவறி நான் உண்கிற அல்லியரிசி ஆகிவிட்டாய் என்கிறாள் ஒரு பெண். அவன் போரில் செத்தான் என்று பாட்டில் இல்லை. ஒரு குளத்துப் பூவை வைத்து ஒரு வாழ்க்கையின் இரண்டு பாதியையும் சொல்லிவிட முடிகிறது என்பதற்காக இங்கே சேர்த்தேன்.

நம் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் ஈழத்துக் கவிஞர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எம்.ஏ. நுஃமான் எழுதிய கவிதையில் எரிகிற கட்டடத்தைப் பெரிதாக வர்ணிக்கவில்லை. கனவில் புத்தர் சுடப்பட்டு நூலகப் படிக்கட்டருகே கிடக்கிறார், கொன்றவர்கள் புத்தகங்களால் உடலை மூடி எரிக்கிறார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் நீர்த்துவிடும்.

கபிலரிடம் திரும்பிப் போகாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் அவர் விஷயத்தில் எனக்கும் என் அத்தை மகனுக்கும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. அவன் தமிழாசிரியன். பாரி போனபிறகு கபிலர் சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் போகிறார், பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்தைப் பாடுகிறார். முதல் பாட்டிலேயே பாரி திரும்பி வராத தூரத்துக்குப் போய்விட்டான் என்று சொல்கிறார், நான் கெஞ்சி வரவில்லை என்றும் சொல்கிறார். ஆனால் அந்தப் பத்திலும் படையும் பகைவர் மதிலும் வெற்றியும் வருகின்றன, புகழ்ச்சியாகவே வருகின்றன. பரிசாக நூறாயிரம் காணம் என்ற பொற்காசும், நன்றா என்ற குன்றின்மேல் நின்று கண்ணுக்குத் தெரிந்த நாடு எல்லாமும் சேரன் கொடுத்தான் என்கிறது பதிகம். குன்றை இழந்ததற்கு அழுத ஆள் இன்னொரு குன்றில் நின்று நாடு வாங்கிக்கொள்ளலாமா என்பது என் கேள்வி.

அத்தை மகன் ஒத்துக்கொள்ள மாட்டான். கையில் பாரியின் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் போய் இவர்களைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டு அலைந்த மனிதரை, கோர்ட்டில் உட்கார்ந்த மாதிரி விசாரிக்காதே என்பான். அவன் பக்கம் திருக்கோவலூர்க் கோயில் கல்வெட்டு இருக்கிறது, முதலாம் ராஜராஜன் காலத்தது. பாரி மகளை மலையன் என்ற சிற்றரசனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப் புகுந்தார் என்று அதில் இருக்கிறது. சேரன் கொடுத்த நாட்டை வைத்து ஆண்டு அனுபவித்தவன் செய்கிற காரியமா இது என்று கேட்கிறான். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஏழாம் பத்தை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.